இருக்கும் ஜாதகத்தை இல்லை என்று சொன்ன விவரம்

திண்டுக்கல்,
24-11-1962

வத்தலக்குண்டு பஸ் நிலையத்துக்குப் பின்புறம், வேப்பமரத்து வீட்டில் விளங்கும் மகாராஜராஜஸ்ரீ மச்சான் சோலைமுத்து அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை ஒச்சம்மாளைக் கைப்பிடித்தவனும் பென்ஷன் பெறும் ரிக்கார்டு கீப்பருமான சின்னக்கண்ணு பணிவுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், தங்கள் தங்கை, மகள் பொன்னழகு, கறவைப் பசு யாவரும் சுகம். பசுவின் சுகம் முழுச் சுகம். மற்றவர்களுடைய சுகம் எப்படிப்பட்டது என்பது கீழே வரும். அவ்விடத்தில் தாங்களும் அக்காளும் மகன் தவசியும் சுகமாக இருக்கக் கோட்டை மாரியம்மனை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன்.

நிற்க. போன வாரம் தாங்கள் எங்கள் ஜாதகப் பரிவர்த்தனை நிலையத்துக்கு நேரில் வந்து, நம் தவசிக்காக என் மகள் பொன்னழகின் ஜாதகத்தைக் கேட்டதும், அங்கிருந்த ஆனந்தமேரி என்ற பெண் ‘அப்படி ஒரு ஜாதகமே இல்லை’ என்று சொன்னதும், தாங்கள் வாங்கி வைத்த காப்பியைத் தொடாமல் படியிறங்கியதும் எனக்கு முழு விவரமாகத் தெரிய வந்தது. தாய்மாமன் நேரில் வந்து கேட்டும் இல்லை என்று சொல்லப்பட்ட ஜாதகம் இந்த வட்டாரத்திலேயே என் மகளுடையதாகத்தான் இருக்கும். அதற்குப் பிறகு தங்களிடமிருந்து ஒரு கார்டு கூட இல்லை. மச்சான், மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இருப்பது ஒரே பெண். முறை மாப்பிள்ளை கண் முன்னால் இருக்க, அவளை முகம் தெரியாத வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனம் இல்லை. தவசி எனக்குச் சிறு வயதிலிருந்தே பிடித்த பிள்ளை. இப்போது பஸ் கம்பெனியில் செக்கிங் இன்ஸ்பெக்டராகி, டிக்கெட் இல்லாதவன் சொந்தச் சித்தப்பாவே ஆனாலும் மலையடிவாரத்துக் காட்ரோட்டில் இறக்கிவிடுகிறான் என்று கேள்விப்பட்ட அன்று நான் பூரித்துப்போனேன். அந்தச் சம்பந்தம் என் அலுவலகத்தாலேயே கெட்டுவிடுமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆகையால் நடந்ததை ஆதியோடந்தமாக எழுதுகிறேன். முழுவதையும் படித்த பிறகு தாங்கள் என்னைத் திட்டலாம். பாதியில் திட்ட வேண்டாம்.

பென்ஷன் வாங்கியவன் பகல் முழுவதும் வீட்டில் இருந்தால் அடுப்படிக்கு ஆகாது என்பது தங்கள் தங்கையின் கட்சி. நான் சும்மா இருக்க முடியாமல் அஞ்சறைப் பெட்டியில் சீரகம், சோம்பு என்று சீட்டு ஒட்டப்போய், அதில் ஏற்பட்ட மனஸ்தாபத்தில்தான் எங்கள் சங்கம் நடத்தும் இந்த நிலையத்தில் சேர்ந்தேன். அப்துல் சுக்கூர் பாயின் தோல் கிட்டங்கிக்கு மேல் மாடியில் ஓர் அறை. பாய் நல்ல மனிதர், வாடகை விஷயத்தில் தாராளம். ஆனால் கீழே இருக்கும் தோலின் வாடை படியேறி வந்து ஜாதகத்தில் எல்லாம் ஏறிவிட்டது. பொருத்தம் பார்க்க வாங்கிப்போன ஒருவர் திருப்பிக் கொண்டுவந்து, ‘ரஜ்ஜு எல்லாம் சரியா இருக்கு, ஆனா மோந்து பாத்தா ஆட்டோட ஜாதகம் மாதிரியில்ல இருக்கு’ என்றார். அது போகட்டும். ஜாதகங்களை நட்சத்திரவாரியாகக் கட்டி, ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை போட்டு, அட்டையில் உயரம், படிப்பு, தோஷம் முதலியவற்றைக் குறித்து, மர டிராயரில் வரிசையாக நிறுத்தினேன். யார் வந்து எப்படிப்பட்ட வரன் கேட்டாலும் வெற்றிலை மடிப்பதற்குள் எடுத்துக் கொடுப்பேன். அந்த வேகத்துக்கே ஆட்கள் வந்தார்கள். கேடும் அந்த வேகத்தில்தான் வந்தது.

தங்களுக்குத் தெரியாததா, பெண்ணைப் பெற்றவனுக்கு ஜாதகத்தைக் கொடுக்கவும் வேண்டும், கொடுத்தது யாருக்கும் தெரியவும் கூடாது. பத்து வீட்டுப் படி ஏறி இறங்கிய ஜாதகம் என்று ஒரு பேச்சு வந்துவிட்டால் பதினோராவது வீட்டுக்காரன் கையை நீட்ட மாட்டான். ஆகவே ஒவ்வொரு தகப்பனாரும் ஜாதகத்தை மேஜையில் வைத்துவிட்டு, என் காதைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, யார் யாருக்கு இதைக் காட்டக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருவர் தன் தம்பிக்குக் காட்டக் கூடாது, தம்பி சம்சாரத்துக்கு அறவே கூடாது என்றார். ஒருவர் ரயிலடிப் பக்கத்து ஆட்களுக்கு வேண்டாம் என்றார். இன்னொருவர், அதிகமாகப் பேசுகிறவர்களுக்குக் காட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் அதற்குக் காரணம் சொன்னார். இதையெல்லாம் அந்தந்த அட்டையின் பின்புறத்தில் சிவப்பு மையில் குறித்தேன். முன்புறம் வரன், பின்புறம் தடை. நான் வேலை பார்த்த ஆபீசில் இப்படி ஓர் ஏற்பாடு இருந்திருந்தால் நான் பதவி உயர்வுடன் ஓய்வு பெற்றிருப்பேன்.

முதல் தப்பு எரியோட்டு வெங்காய வியாபாரி ஒருவரால் வந்தது. பையனுக்குப் பெண் தேடி வந்தார். நான் டிராயரை இழுத்து, அட்டையை எடுத்து, பழைய பழக்கத்தில் உரக்கப் படித்தேன். ‘சுவாதி, ஐந்தடி இரண்டங்குலம், எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள், தையல் தெரியும்’ என்று படித்துக்கொண்டே அட்டையைத் திருப்பினால் பின்னால் சிவப்பு. உடனே நாணயமாக, ‘மன்னிக்கணும், இது இருக்கிறது, ஆனால் உங்களுக்குக் காட்ட அனுமதி இல்லை’ என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். ‘ஏன், எனக்கு என்னய்யா கொறச்சல்? எங்க ஊர்ப்பக்கம் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணித் தையலும் தெரிஞ்சது ஒரே புள்ளதான். எம் மச்சினன் மக. அவனா எனக்குக் காட்டக் கூடாதுன்னு சொன்னான்?’ என்றார். நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, ‘பெயரைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை’ என்றேன். அவர் அங்கிருந்து நேரே மச்சினன் வீட்டு வாசலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டு, பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பஞ்சாயத்து இன்றைக்கும் முடியவில்லை. அதைத் தாங்கள் நினைவில் வைத்துக்கொள்ளவும், பின்னால் வேண்டியிருக்கும்.

சரி, எதைப் படித்துக் காட்டினாலும் ஆபத்து, எத்தனை என்று எண்ணிக்கையை மட்டும் சொல்வோம் என்று அடுத்த ஏற்பாடு செய்தேன். அதற்கென்றே பழனியில் லாட்ஜ் வைத்திருக்கும் ஒருவர் வந்து சேர்ந்தார். வாயில் வெல்லம் வைத்திருக்கிற மாதிரிப் பேச்சு. குறைந்தது எட்டாவதாவது படித்த பெண் வேண்டும் என்றார். ‘ஐந்து இருக்கிறது, மூன்றைக் காட்டலாம்’ என்றேன். ‘அப்படிங்களா, ரொம்ப நல்லதுங்க. ஏனுங்க, பத்தாவது படிச்சதுன்னு தேடுனா எத்தனைங்க வருது?’ என்றார். தேடினேன். ‘மூன்று. மூன்றையும் காட்டலாம்’ என்றேன். ‘அப்ப, காட்டாத அந்த ரெண்டு புள்ளைங்களும் பத்தாவது வரைக்கும் போகலீங்க’ என்றார். எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. ‘சரிங்க, எட்டாவதே இருக்கட்டுங்க. செவ்வாய் இல்லாமப் பாத்தா?’ என்றார். ‘நான்கு. அதில் மூன்றைக் காட்டலாம்’ என்றேன். அவர் கண்ணை மூடி ஒரு நிமிஷம் யோசித்து, ‘அப்ப மறைச்சதுல ஒண்ணுக்குச் செவ்வாய் இருக்குதுங்க. எட்டாவது, செவ்வாய், எனக்குக் காட்டக் கூடாதுன்னா அது எங்க பக்கத்து வீதி நாட்டு மருந்துக்கடைக்காரர் புள்ளையாத்தான் இருக்கோணுங்க. ஏனுங்க, அந்தப் புள்ளைக்குச் செவ்வாய்னு அவரு யார்கிட்டயும் மூச்சு விடலீங்களே’ என்று சொல்லி, எனக்கு ஒரு டப்பா பஞ்சாமிர்தமும் கொடுத்துவிட்டுப் போனார். நான் ஒரு ஜாதகத்தையும் காட்டவில்லை, ஒரு பெயரையும் சொல்லவில்லை, மச்சான். வெறும் எண்ணிக்கைதான் சொன்னேன்.

அடுத்த வாரம் அந்த மருந்துக்கடைக்காரர் வந்தார். சண்டை போடுவார் என்று நான் நாற்காலியின் பின்னால் நின்றுகொண்டேன். அவர் சண்டை போடவில்லை. தரையில் உட்கார்ந்து, ‘என் புள்ள வீட்டை விட்டு வெளிய வர மாட்டேங்குதுங்க. தெருவுல எல்லாரும் பரிதாபமாப் பாக்கிறாங்களாமுங்க’ என்று சொல்லி அழுதார். எனக்கும் பெண் இருக்கிறது. அவர் அழுததைப் பார்த்து எனக்கும் அழுகை வந்துவிட்டது. இருவருமாகச் செத்த நேரம் அழுதோம். அன்றைக்குத்தான் ஒரு முடிவுக்கு வந்தேன். இனிமேல் தேடிவிட்டுத் தடையைப் பார்ப்பது கிடையாது. ஆள் யார், எந்த ஊர் என்று முதலில் கேட்பது. அவருக்குக் காட்டக் கூடாத அட்டைகளையெல்லாம் முதலில் எடுத்து ஓரமாக வைத்துவிடுவது. மிச்சத்தில்தான் தேடுவது. ஓரமாக வைத்தவை அவரைப் பொறுத்தவரை பிறக்கவே இல்லை. அதைப் பற்றி ‘இருக்கிறது, ஆனால்’ என்ற பேச்சே கூடாது. ‘இல்லை’ என்று ஒரே சொல். அதையும் முகம் மாறாமல் சொல்ல வேண்டும்.

அந்த முகம்தான் எனக்கு வாய்க்கவில்லை. சுக்கூர் பாயை எதிரில் உட்கார வைத்துப் பழகிப் பார்த்தேன். அவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, ‘அண்ணே, நீங்க இல்லைன்னு சொல்றப்ப உங்க தொண்டை மேலயும் கீழயும் போகுது. எங்க வீட்டுக் கோழி கூட நம்பாது. இல்லாத சரக்கை இல்லைங்கறது சுளுவு. இருக்குற சரக்கை இல்லைங்கறதுக்கு வேற முகம் வேணும்’ என்றார். பிறகு அவராகவே, ‘எதுக்கு இதுக்கெல்லாம் ஒரு ஆபீசு? எங்க வீட்டுல நிக்காப் பேச்சுன்னா எம் பொஞ்சாதி குர்ஷித் பேகமும் மத்த பொம்பளையாளுகளும் பேசி முடிச்சுருவாக. எனக்குச் சொல்றப்ப பந்தல்காரன் வாசல்ல கம்பு நட்டுக்கிட்டிருப்பான்’ என்றார். நான் சற்றுக் கண்டிப்பாகவே, ‘எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது பாய். எனக்குத் தெரியாமல் ஒரு முருங்கைக்காய் கூட உள்ளே வராது’ என்றேன். அவர் வெற்றிலையைத்தான் மென்றார்.

பாய் சொன்ன முகத்தைத் தேடித்தான் ஆனந்தமேரியை வேலைக்கு வைத்தேன். அதற்கு முன் ஏதோ ஒரு பெண்கள் விடுதியில் வாசலைப் பார்த்துக்கொண்டவள். உள்ளே இருக்கிற பெண்ணை, வெளியே நிற்கிற ஆளிடம் ‘இல்லை’ என்று சொல்லிச் சொல்லிப் பழகிய முகம். வேலைக்குச் சேர்ந்த அன்று ஒரு பரீட்சை வைத்தேன். ஒரு ஜாதகத்தை அவள் மேஜை மேல் என் கையாலேயே வைத்துவிட்டு, அதன் மேலேயே விரலை வைத்து, ‘இது இருக்கிறதா?’ என்று கேட்டேன். ‘இல்லை சார்’ என்றாள். ‘மேஜை மேலேயே இருக்கிறதே’ என்றேன். ‘உங்களுக்கு இல்லை சார்’ என்றாள். இமை கூட ஆடவில்லை. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. பிறகு எங்கள் சங்கத் தலைவர் வந்து தன் சொந்த மகள் ஜாதகத்தைக் கேட்டார். அதில் ‘நான் சொன்னாலொழிய யாருக்கும் காட்டக் கூடாது’ என்று அவரே எழுதவைத்திருந்தார். ‘அவர் இன்னும் சொல்லலையே சார்’ என்று அவரிடமே சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாள். தலைவர் கோபித்துக்கொண்டு ராஜினாமாக் கடிதம் எழுதினார். அது ஒன்றுதான் அவளுடைய வேலையில் ஏற்பட்ட சேதம், தாங்கள் வருகிற வரைக்கும்.

இனிமேல்தான் நம் விஷயம். தங்கள் தெருவில் செங்கல் சூளை வைத்திருக்கும் பொம்மையன் அவர்களைத் தாங்கள் அறிவீர்கள். அவர் தன் மகனுக்குப் பொன்னழகைக் கேட்டு இரண்டு தடவை வந்துவிட்டார். அந்தப் பையன் நம் வீட்டில் உட்கார்ந்திருந்த நேரம் முழுவதும் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டே இருந்தான். வேறு ஒரு காரியமும் செய்யவில்லை. எனக்குப் பிடிக்கவில்லை. நிலையம் வழியாக ஜாதகத்தை வாங்கிப்போய் விடுவாரோ என்ற பயத்தில், என் மகள் அட்டையைத் திருப்பிப் பேனாவை மையில் தோய்த்தேன். மச்சான், எப்படி எழுதுவேன்? அவர் வயதில் மூத்தவர். பெரிய குடும்பஸ்தர். வருகிறபோதெல்லாம் ஒரு சீப்பு மலைப்பழம் வாங்கி வருகிறவர். அப்படிப்பட்டவர் பெயரைச் சிவப்பு மையில் எழுதி, பக்கத்தில் ‘கூடாது’ என்று போட எனக்குக் கை வரவில்லை. பெரிய மனிதரை மறுப்பதானால் பெயரைச் சொல்லாமல் மறுப்பதுதானே நம் பக்கத்து மரியாதை? ஆகவே பெயரை விட்டுவிட்டு, நாசூக்காக ஊரை எழுதினேன். ‘வத்தலக்குண்டு: கூடாது.’

எழுதுகிற அந்த நேரத்தில் வத்தலக்குண்டில்தான் தாங்களும் இருக்கிறீர்கள் என்பது என் புத்தியில் தட்டவே இல்லை. இதை நம்ப மாட்டீர்கள், ஆனால் சத்தியம். தங்களை நான் ஓர் ஊர்க்காரராக எப்போது நினைத்தேன்? வீட்டு மனிதருக்கு ஏது ஊர்? ஆனந்தமேரி அப்படி நினைக்க முடியுமா? அவளுக்கு அட்டைதான் வீடு, அட்டைதான் ஊர்.

அன்றைக்கு நான் அங்கே இருந்திருந்தால் இந்தக் கடிதமே கிடையாது. மேலே சொன்ன வெங்காய வியாபாரி மச்சினன் வாசலில் இரண்டாம் தடவை உட்கார்ந்துவிட்டார் என்று ஆள் வந்து, நான் எரியோட்டுக்குப் போயிருந்தேன். சாயங்காலம் திரும்பி வந்ததும் ஆனந்தமேரி அன்றாட விவரம் சொன்னாள். ‘வத்தலக்குண்டுல இருந்து ஒரு பெரியவர் வந்தார் சார். பூவும் பழமும் வச்சிருந்தார். ஒரு பொண்ணு ஜாதகம் கேட்டார். இல்லைன்னேன். நல்லாத் தேடும்மா, பொன்னழகுன்னு பேரு, எந் தங்கச்சி பொண்ணுன்னார். அப்படி ஒரு பொண்ணே இல்லைங்கய்யான்னேன். நான் தூக்கி வளத்த புள்ளம்மான்னார். எங்க நிலையத்தைப் பொறுத்தவரைக்கும் இல்லைங்கய்யான்னேன். காப்பி குடிக்காமப் போயிட்டார் சார்’ என்றாள். பாதி கேட்கும்போதே, எப்பேர்ப்பட்ட உறுதி என்று நான் அவளை மனதுக்குள் பாராட்டிக்கொண்டிருந்தேன். ‘பொன்னழகு’ என்ற பெயர் காதில் விழுந்ததும் எனக்குத் தலை சுற்றிவிட்டது. சுக்கூர் பாயின் ஆட்கள்தான் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். அவளைத் திட்டவும் வழியில்லை. நான் போட்ட சட்டத்தை என்னைவிட நன்றாக நடத்தியிருக்கிறாள்.

நான் வீட்டுக்குப் போவதற்குள் செய்தி போய்விட்டது. பஸ் நிலையத்துப் பூக்காரி சொன்னாளாம். தங்கள் தங்கை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் பதில் தயாராக வைத்திருந்தேன். அன்றிலிருந்து தட்டில் சோறு மட்டும் விழுகிறது, தொட்டுக்கொள்ள வெஞ்சனம் கிடையாது. ‘இன்றைக்கு என்ன வெஞ்சனம்?’ என்று கேட்டால் ‘ஒண்ணும் இல்லை’ என்கிறாள். அடுப்படியிலிருந்து கத்தரிக்காய் வதங்குகிற வாடை கூடம் வரை வருகிறது, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ‘உன் அண்ணன் ஏதாவது சொல்லியனுப்பினாரா?’ என்றால் ‘ஒண்ணும் இல்லை.’ பொன்னழகைக் கூப்பிட்டு, ‘அம்மா உன்னிடம் ஏதும் சொன்னாளா தாயி?’ என்றால் அவளும் ‘ஒண்ணும் இல்லப்பா’ என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய்விடுகிறாள். அவள் மனம் என்ன பாடுபடுகிறதோ. இரண்டு மாதமாக வத்தலக்குண்டு பஸ் போகிற சத்தம் கேட்டாலே ஜன்னலுக்குப் போகிறாள். தங்கள் தங்கையோ கண் வைத்தியம் என்று சொல்லித் தங்கள் ஊருக்கு நான்கு தடவை வந்துபோனவள், இப்போது கண்ணைப் பற்றிப் பேசுவதே இல்லை. குடும்பமே மனம் உடைந்து கிடக்கிறது.

இதற்கு நடுவில் பொம்மையன் அவர்கள் கார்த்திகைத் தீபம் கழித்து மூன்றாம் தடவை வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். மூன்று தடவை வந்தவரை எந்தச் சாக்கைச் சொல்லி அனுப்புவது? பெண்ணுக்கு வேறிடம் பேசிவிட்டோம் என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல வேறிடம் வேண்டும். அந்த இடம் தங்கள் வீடாக இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. மச்சான், தாங்கள் கோபத்தை மறந்து, அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில் பழையபடி பூவும் பழமுமாக எழுந்தருளி, பொன்னழகின் ஜாதகத்தை என் கையால் பெற்றுக்கொள்ள வேண்டும். பொருத்தம் பார்த்துச் சரியாக இருந்தால் மேற்கொண்டு பேசலாம். தவசியின் மனம் எப்படி என்று தாங்கள் விசாரித்து வைக்கவும். பொன்னழகின் மனதை நான் பக்குவமாக, மெதுவாகத் திருப்பிவிடுகிறேன். தங்கள் தங்கையிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாம் கூடி வந்த பிறகு சொல்லலாம் என்றிருக்கிறேன். பெண்களிடம் முதலிலேயே சொன்னால் நாலு பேருக்குத் தெரிந்துவிடும்.

அக்காளுக்கு என் வணக்கத்தையும், தவசிக்கு ஆசிகளையும், தங்கள் வீட்டுக் காளைகளுக்கு என் அன்பான விசாரிப்பையும் சொல்லவும். என்னிடம் கோபம் இருந்தால் கோபத்தோடேயே வந்தாலும் சரி, வந்தால் போதும். அம்மன் அருளால் இரண்டு குடும்பமும் ஒரே பந்தியில் சாப்பிடுகிற நாள் வரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அடிதொட்டு வணங்கும்,
சின்னக்கண்ணு

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில், தங்கள் தங்கையின் பிறந்த வீட்டுக்கு எழுதுகிற கடிதத்தை அவளுக்குத் தெரியாமல் அனுப்புவது முறையல்ல என்று தோன்றி, அவளை உட்கார வைத்து முழுவதையும் படித்துக் காட்டினேன். மொச்சை உரித்துக்கொண்டே கேட்டாள். பொம்மையன் அவர்கள் வருகிற இடத்தில், ‘செத்த நேரம் நிப்பாட்டுங்க’ என்றாள். பிறகு சொன்னாள். ‘ஜாதகத்துக்கு ஒரு நகல் எம் பொட்டியில இருந்துச்சு. ஆவணியிலயே அண்ணன் வீட்டுக்குக் குடுத்தாச்சு. பழனியில பொருத்தம் பாத்தாச்சு, ஒம்பது சரி. புள்ளைக ரெண்டுக்கும் சம்மதம், தையில கல்யாணம். அண்ணனை அன்னைக்கு, உங்க கையால ஒரு பேச்சுக்கு ஜாதகத்தை வாங்கிக்கிரலாம், அப்பத்தான் உங்களுக்கு மனசு நெறையும்னு நாந்தான் அனுப்புனேன். அந்த ஆபீசுப் புள்ள இல்லைன்னு சொன்னதை நெனச்சு நெனச்சு வத்தலக்குண்டு வரைக்கும் பஸ்ஸுல சிரிச்சுக்கிட்டே போயிருக்காரு. எங்க வீட்டுக்காரரே கார்டு எழுதட்டும், அதுவரைக்கும் யாரும் மூச்சு விடாதீகன்னு சொன்னதும் நாந்தான்.’

சுக்கூர் பாய்க்குத் தெரியுமா என்று கேட்டேன். கல்யாணத்துக்கு இனிப்பு குர்ஷித் பேகம் பொறுப்பு என்றாள். பூக்காரிக்கு? மாலைக்குச் சொல்லியாகிவிட்டதாம். பொம்மையன் அவர்களுக்குக் கூடப் பக்குவமாகச் சொல்லியாகிவிட்டதாம், அவர் தீபம் கழித்து வருவது பந்தலுக்குச் செங்கல் அடுப்புக் கட்ட அளவு பார்ப்பதற்காம். ‘பெற்ற தகப்பன் என்னிடம் மட்டும் ஏன் சொல்லவில்லை? எத்தனை தடவை கேட்டேன்?’ என்றேன். தங்கள் தங்கை மொச்சைத் தோலை முறத்தில் தள்ளிவிட்டு, ‘கேட்டவுகளுக்கெல்லாம் சொல்லிர முடியுமா? யாருக்குக் காட்டலாம், யாருக்குக் கூடாதுன்னு மொதல்ல பாக்கணும். கூடாதவுகளுக்கு ‘இல்லை’ன்னு ஒரே பேச்சு, மொகம் மாறக் கூடாது. நீங்க சொன்ன சட்டந்தானே?’ என்றாள். இமை கூட ஆடவில்லை.

ஆகவே மேலே எழுதிய எதையும் தாங்கள் படிக்க வேண்டாம். படித்துவிட்டிருந்தால் மறக்கவும். தாங்கள் அவசியம் வர வேண்டும், ஆனால் நிலையத்துக்கு வராமல் நேரே வீட்டுக்கு வரவும். அட்டையின் பின்னால் எழுதியதை அடிக்கத் தலைவர் கையெழுத்து வேண்டும், தலைவர் ராஜினாமாவில் இருக்கிறார், அதுவரை ஆனந்தமேரி தங்களுக்கு இல்லை என்றுதான் சொல்லுவாள். இன்று மத்தியானம் வெஞ்சனம் வந்தது. கத்தரிக்காய்தான். நன்றாகவே இருந்தது, சாப்பிடும்போது எனக்குக் கொஞ்சம் கண் கலங்கியது, சந்தோஷத்தில்தான்.

கல்யாணம் தை மாதம் எந்தத் தேதி என்று இரண்டு தடவை கேட்டுவிட்டேன். ‘ஒண்ணும் இல்லை’ என்கிறாள். எனக்குக் காட்டலாம் என்று தங்கள் அட்டையில் இருந்தால், தேதியை ஒரு கார்டில் தெரியப்படுத்தவும்.